முயல் வரிசையைச் சுற்றிப் போனவன்

மூடநம்பிக்கை என்று நான் யோசித்துக் கைவிட்ட ஒரு பழக்கமே இன்னொருவனுக்குத் தகுதியாகிவிட்டால், நான் பொறாமைப்பட வேண்டியது அவன்மீதா, அந்தப் பழக்கத்தின்மீதா? அறுபதுகளின் இறுதியில், ஜெர்மனியின் ஹனோவரில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, ஒரு டிசம்பர் மாலை இந்தக் கேள்வியை என்முன் வைத்தது.

நகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு வேட்டை நிலம் இருந்தது. பல் மருத்துவர் ஒருவர் கிராமத்து விவசாயிகளிடமிருந்து அதன் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். பீச் மரக் காடு, சதுப்பு, புதர்மேடு, நாணல் சூழ்ந்த குளம், கோதுமை வயல் எல்லாம் ஒரே எல்லைக்குள் அடங்கிய நிலம். மானும் காட்டுப்பன்றியும் முயலும் அங்கே தத்தமக்கு உரிய இடத்தில் வாழ்ந்தன. ஒரே ஒரு மாணவனுக்கு மட்டும் ஓராண்டு அங்கே ஆராய அனுமதி தருவதாக மருத்துவர் சொல்லியிருந்தார். எனக்கு அது வேண்டும். கோவையில் என்னோடு படித்து, ஹனோவரிலும் என் அறையிலேயே தங்கியிருந்த நண்பனுக்கும் அது வேண்டும். கிடைக்காதவன் ஆய்வகத்து எலிக் கூண்டுகளுக்கே திரும்ப வேண்டும்.

முடிவு செய்யுமுன் எங்களைப் பார்க்க விரும்பிய மருத்துவர், குளிர்கால வேட்டையில் விலங்குகளைக் கலைத்து விரட்டும் வரிசையில் நடக்க இருவரையும் அழைத்தார். நான் படித்துத் தயாராகப் போனேன். பன்றிகள் அழித்த பயிருக்கு விவசாயிக்கு யார் ஈடு தருவது என்று கேட்டேன். "நான்தான்" என்றார், சுருக்கமாக. நண்பனோ எதையும் கேட்கவில்லை. இடுப்பளவு சேற்றில் விழுந்தான். நான்கு பேர் சிரித்துக்கொண்டே அவனை இழுத்து வெளியே போட்டார்கள். அதன்பின் அவர்களில் ஒருவனாகிவிட்டான். விழுவதிலும் இவனுக்கு ஒரு வாய்ப்பா என்று எரிச்சலாக இருந்தது.

பொழுது சாய்ந்ததும் சுடப்பட்ட விலங்குகளைத் ஊசியிலை மரக் கிளைகள்மீது வரிசையாகக் கிடத்தினார்கள். முதலில் பன்றிகள், அடுத்து நரிகள், கடைசியில் முயல்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கொம்பு ஊதினார்கள். ஊதி முடிந்ததும் மருத்துவர் எதிர்ப்பக்கத்திலிருந்து சூப் குடிக்க வரும்படி கையசைத்தார். அவரிடம் முதலில் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் நான் முயல் வரிசையை ஒரே எட்டில் தாண்டினேன். சுற்றி நின்றவர்கள் என் கால்களையே பார்த்தார்கள். நண்பன் மட்டும் வரிசையின் கடைசிவரை நடந்து, சுற்றிக்கொண்டு வந்தான்.

"இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று மருத்துவர் அவனிடம் கேட்டார்.

"யாரும் இல்லை. கீழே கிடப்பவரை எங்கள் ஊரில் தாண்டமாட்டோம்" என்றான்.

"இங்கும் அப்படித்தான். விழுந்த விலங்குக்கு நாங்கள் தரும் மரியாதை அது." அவன் தோளில் கை வைத்தார். "மார்ச் மாதம் வந்துவிடு."

என்மீது அவர் கோபப்படவில்லை. சூப்பைத் தாமே ஊற்றிக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

திரும்பும் ரயிலில் கேட்டேன்: "டேய், நெஜமாவே மரியாதைக்குத்தான் சுத்திப் போனயா?"

"மரியாதையாவது! படுத்திருக்கற புள்ளையத் தாண்டுனா அது வளராதுன்னு எங்கம்மா சொல்லும். செத்த முயல் இனி எங்கடா வளரப்போகுது? கால் பழகிப்போச்சு, அவ்வளவுதான்."

"அதை அவர்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"எதுக்கு, அந்தச் சீட்டுல நீ போய் உக்காரவா?" என்று சிரித்தவன், தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினான். பசித்தும் நான் வாங்கவில்லை.

கல்லூரி மேடையில் இத்தகைய நம்பிக்கைகளுக்கு எதிராகப் பேசியவன் நான். பேசியது சரி என்றே இன்றும் எண்ணுகிறேன். அவன் அதை நம்பியிருந்தால் அவனைக் குறைவாக மதித்து ஆறியிருப்பேன். பொருள் உணர்ந்து செய்திருந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டிருப்பேன். அவன் இரண்டும் செய்யவில்லை. அந்த நிலம் அவன் கால்களுக்குக் கிடைத்தது. என் பொறாமைக்கு ஒரு நியாயம்கூடக் கிடைக்கவில்லை.

மார்ச்சில் அவன் அங்கே குடியேறினான். நான் எலிக் கூண்டுகளை விட்டு, காட்டுப்பன்றிகளால் விவசாயிகளுக்கு ஏற்படும் பயிர்ச்சேதத்தை என் ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டேன். அதே நிலத்தின் கோதுமை வயல்களில், அவற்றின் விவசாயிகளிடம் அனுமதி வாங்கி, அந்தக் கோடை முழுவதும் வேலை செய்தேன். விலங்குகளைக் கவனிக்க அவன் ஏறி அமரும் மரமேடை அங்கிருந்து தெரியும். அவன் கையசைப்பான், நானும் அசைப்பேன். நாங்கள் மறுபடி ஒரே அறையில் தங்கவில்லை.