அட்ஜூரும் அப்ஜூரும்

காலையில் பஸ் நிலையத்து டீக்கடையில் தங்கதுரை ஓர் இங்கிலீஷ் சொல்லை மென்றுகொண்டிருப்பார். தினம் ஒன்று. யாருக்கும் தெரியாத சொல்லாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பொழுது சாய்வதற்குள் அதை எவர் தலையிலாவது இறக்கிவிடுவார். டீ ஆறிவிட்டது என்று சொல்லக்கூட அவருக்குத் தமிழ் போதாது. "இன்னா சார், சூடு ஜாஸ்தியா கம்மியா? அத்த மட்டும் சொல்லுங்க" என்பார் கடைக்கார காஜா.

தங்கதுரை கள்ளக்குறிச்சியில் டுடோரியல் நடத்துகிறார். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று எழுதாது. இவரிடம் படித்தவர்கள் இங்கிலீஷில் தேறினார்களா என்று கேட்டால், "புள்ளைங்களுக்கு மண்டையில சரக்கு இல்லீங்க" என்பார்.

கச்சிராயபாளையத்துக் கந்தசாமிக்கு இதெல்லாம் தெரியாது. கோமுகி வாய்க்காலின் கடைசியில் அவருடைய கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் திறக்க வேண்டிய அதிகாரி தமிழ் தெரியாத வடக்கத்திக்காரர் என்றதும், தங்கதுரையைக் கூட்டிப்போனார். பக்கத்துக் கரும்புக் கொல்லைக்காரி கொளஞ்சியம்மாளும் கூட வந்தாள். "இவரு பேசறது நமக்கே புரியல, அவருக்குப் புரியுமா?" என்றாள். கந்தசாமி அவளை அடக்கினார்.

மன்றாடிக் கேட்கிறோம் என்பதற்கு இங்கிலீஷில் எளிய சொற்கள் எத்தனையோ உண்டு. தங்கதுரைக்கு அவை ஆகுமா? அட்ஜூர் என்ற சொல்லைப் பொறுக்கி வைத்திருந்தார். வாயில் வந்ததோ அப்ஜூர். சத்தியம் செய்து கைவிடுவது என்று அதற்குப் பொருள். "வி அப்ஜூர் தி வாட்டர்" என்று முழங்கினார். அதிகாரி புருவத்தை உயர்த்தி மறுபடி கேட்டார். இவர் இன்னும் உரக்க அதையே சொன்னார்.

அதிகாரி குமாஸ்தாவிடம் ஏதோ சொல்ல, குமாஸ்தா கந்தசாமியிடம் திரும்பினார். "உங்களுக்குத் தண்ணியே வேணாமாமே. சத்தியம் பண்ணி வுட்டுட்டீங்களாமே, நெசமா?"

கொளஞ்சியம்மாள் தங்கதுரையைத் தாண்டி முன்னால் வந்தாள். "கரும்பு காயுதுங்க. தண்ணி வுடுங்க. அவ்ளோதாங்க." குமாஸ்தா அதை நாலு சொல்லில் இங்கிலீஷாக்கினார். அதிகாரி தலையசைத்தார்.

வெளியே வந்ததும் தங்கதுரை, "ஒரு எழுத்துதான் மாறிப்போச்சு. படிச்சவனா இருந்தா புரிஞ்சிக்கினு இருப்பான்" என்றார்.

"அந்த ஒரு எழுத்துல எங் கொல்லையே போயிருக்கும் சார்" என்ற கந்தசாமி, பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

மதகு திறந்த அன்று ஊரார் அதிகாரிக்கு ஒரு சால்வை வாங்கி வந்தார்கள். கந்தசாமி அதை உதறி விரித்தபோது, அழைக்காமலே வந்து அதிகாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்த தங்கதுரை, குனிந்து கழுத்தை நீட்டினார்.