புரட்டாசியில் பிழைத்த கோணல் குஞ்சுகள்

அழகு மீன் வளர்ப்பவர்களைப் போல வாய் கிழிய ஜீவகாருண்யம் பேசுகிறவர்களை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. கடலூர், சிதம்பரம், புதுச்சேரி ஆட்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். காலையில் எழுந்தால் ஆளுக்கொரு கருணை மொழி வந்து விழும்.

ஏஞ்சல் மீன் ஒரு தடவை முட்டையிட்டால் நூற்றுக்கணக்கில் குஞ்சு வரும். அதில் சிலது கோணலாகத்தான் வரும். முதுகு வளைந்திருக்கும், செவுள் மூடி பாதியில் நின்றிருக்கும், சிலது நீந்தவே முடியாமல் தொட்டித் தரையில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போகும். இரை தேடிப் போய்ச் சேர்வதற்குள் மற்றவை தின்று முடித்துவிடும். இவற்றை என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் கழிப்பறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவாராம், கண்ணுக்கு மறைவாகப் போய்விடுகிறதாம். ஒருவர் ஃப்ரீசரில் வைப்பாராம், ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில். இன்னொருவர் தன் பெரிய மீனுக்குப் போட்டு, அது துரத்திப் பிடிப்பதைப் பாட்டு சேர்த்து வீடியோவாகப் போடுவார். அதன் கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள்.

இவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான்தான். மெடிக்கலில் பல்வலிக்குக் கேட்டால் கிராம்பு எண்ணெய் தருவார்கள். வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு விட்டு, பால் மாதிரி வெளுக்கும் வரை குலுக்கி, மீன் இருக்கும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். மீன் தூங்கிவிடும். தூங்கின பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றி, செவுள் அசைவு நின்று வெகுநேரம் ஆகும்வரை விட்டுவிட வேண்டும். வலி தெரியாது. இதைப் பத்திப் பத்தியாக எழுதிப் போட்டு, கழிப்பறைக்காரரை மனிதனா என்று கூடக் கேட்டிருக்கிறேன். எழுதியபோது நான் ஒரு மீனைக் கூட அப்படித் தூங்க வைத்தவன் இல்லை. ஊருக்குத்தானே உபதேசம்.

எனக்கு அந்த வேலை வந்தது என்னிடமிருந்த கறுப்பு ஏஞ்சல் ஜோடியால். நல்ல மை கறுப்பு. நிறம் கெட்டுவிடக் கூடாது என்று ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தங்கையை ஜோடி சேர்த்தேன். வேண்டாம், கோணல் ஜாஸ்தி வரும் என்று குழுவில் ஒருவர் எச்சரித்தார். 'எங்க வூட்ல எல்லாமே சொந்தத்துலதான் சார்' என்று பதில் போட்டு, பக்கத்தில் ஒரு சிரிப்பும் வைத்தேன். என் மனைவி என் அக்கா மகள். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள்.

குஞ்சுகள் நீந்த ஆரம்பித்ததும் நாற்பதுக்கு மேல் கோணல் தெரிந்தது. அன்றைக்குப் புரட்டாசி பிறந்து நாலு நாள்.

"மாமா, பெருமாள் மாசம். இந்த வூட்ல உசுரு எடுக்கற வேலையெல்லாம் வச்சுக்காதீங்க. புரட்டாசி முடியட்டும்" என்றாள் மனைவி.

எங்கள் வீட்டுப் புரட்டாசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதம் முழுக்க முட்டைகூட உள்ளே வராது. ஐப்பசி பிறந்தால் விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய், துடிக்கிற மீனாகப் பார்த்து வாங்கி வருவேன். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் பாதிப்பேர் அங்கேதான் நிற்பார்கள், கையில் ஒயர் கூடையோடு. முந்தின நாள்வரை எறும்புக்கு வழிவிட்டு நடந்தவர்கள், வஞ்சிரத்துக்கு முழங்கையால் இடித்துக்கொள்வார்கள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் மனசார நம்பித்தான் சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டு ஒளிந்தவன் நான். எனக்குத் துணிச்சல் இல்லை என்று ஒத்துக்கொள்வதைவிடப் பெருமாள் மேல் பழியைப் போடுவது சுலபம். கோணல்களை மட்டும் பிரித்துத் தனித்தொட்டியில் விட்டு, அதற்குக் கருணை என்று பெயர் வைத்தேன்.

அந்தத் தொட்டியில் நடந்ததுதான் உண்மையான பாவம். வயிற்றைத் தேய்த்தவை தேய்த்துக்கொண்டே இருந்தன. செவுள் மூடி பாதியில் நின்ற ஒன்று, மூச்சுக்குத் திணறி மேல்மட்டத்திலேயே வாயைத் திறந்து திறந்து மூடும். கொஞ்சம் நீந்தத் தெரிந்தது, நீந்தத் தெரியாததன் கண்ணைக் கொத்தும். தினமும் சாப்பாடு போட்டுவிட்டு, அந்தப் பக்கம் பார்க்காமல் விளக்கை அணைத்துவிடுவேன். ஒரு மாதத்தில் மிஞ்சியவை கட்டைவிரல் நகம் அளவுக்கு வளர்ந்துவிட்டன.

புரட்டாசிக் கடைசி சனிக்கிழமைக்கு மகள் வந்திருந்தாள். சிதம்பரத்தில் ஒரு மாடி அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளை வண்டியில் கொண்டுபோய் விடும்போது, கோணல்களைத் தண்ணீரோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரில் கட்டி எடுத்துக்கொண்டேன். புரட்டாசி முடியப் போகிறது, இனி ஒளிய இடமில்லை; பிச்சாவரம் கழிமுகத்தில் விட்டுவிடலாம் என்று யோசனை. கடலூரில் பிறந்தவனுக்கு அந்தத் தண்ணீர் உப்பு என்று தெரியாதா? தெரியும். மழை பெய்திருக்கிறது, ஆற்றுத் தண்ணீர் கலந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைக்குச் சாக்குக்கா பஞ்சம்.

மகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிறக்கும்போதே அவள் இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. புதுச்சேரிக்கு அலைந்து மாவுக்கட்டு மேல் மாவுக்கட்டாகப் போட்டுச் சரிசெய்தோம். இப்போது லேசாகச் சாய்த்து நடப்பாள், அவ்வளவுதான். முதல் நாள் டாக்டர் கேட்டது, "சொந்தத்துல கல்யாணமா?" என்று. அதனால்தான் என்று சொல்ல முடியாது என்றும் அவரே சொன்னார். கேள்விதான் என் காதில் விழுந்தது, பதில் விழவில்லை. அந்த மனிதரை இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

கிள்ளை தாண்டி, படகுத்துறைக்குக் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தினேன். இடுப்பளவு தண்ணீரில் ஓர் அம்மாள் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். கவரில் பாதியைத் தண்ணீரில் சாய்த்தேன்.

"என்னாத்த வுடுறீங்க?" என்றார் அந்த அம்மாள்.

"தொட்டி மீனும்மா."

"நல்ல தண்ணி மீனா? இது உப்பாச்சே" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

குஞ்சுகள் ஓர் அடி தூரம்கூடப் போகவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, சேற்றோரமாகவே ஒதுங்கி, செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டன. பாவம், பாவம் என்று நான் முனகிக்கொண்டு நின்றேன். மகள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள்.

"பாவம் பாவம்னு சொல்லிக்கிட்டே நில்லு. கவரப் பிடி."

இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கவரில் மீதியிருந்த நல்ல தண்ணீரில் போட்டாள். ஆறேழு அகப்படவில்லை. அவை எப்படிச் செத்தன என்று எனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டுதானே நின்றேன்.

சிதம்பரம் வரை கவரை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். கீழ வீதியில் ஒரு மெடிக்கலில் இறங்கிக் கிராம்பு எண்ணெய் வாங்கி வந்தாள். அறையில் வாளியை எடுத்து வைத்து, குஞ்சுகளைக் கவர்த் தண்ணீரோடு அதில் சாய்த்தாள். ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரும் எண்ணெயும் விட்டுக் குலுக்கி என் கையில் கொடுத்தாள். என் கை அப்படியே நின்றது.

"என்னைய நெனச்சுத்தான தயங்குற?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப ஊத்து."

ஊற்றினேன். ஓடித் திரிந்தவை ஓட்டத்தைக் குறைத்தன. மூச்சுக்குத் திணறிய அந்த ஒன்று, முதல் தடவையாக வாயை மெதுவாக மூடியது. பிறகு எல்லாம் அடியில் படுத்துவிட்டன. மீதியையும் ஊற்றினேன். அறை முழுக்க எண்ணெய் வாடை. இவ்வளவுதான். இதற்கு ஒரு மாதம் அவற்றை வதைத்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை.

வெகுநேரம் கழித்து, ஒன்றும் அசையவில்லை என்று அவளே குனிந்து பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"டாக்டர் கேட்டத அம்மா எப்பவோ சொல்லிட்டாங்க. எனக்கு அதுல ஒண்ணுமில்ல. என் காலு, நான் நடக்குறேன்" என்றாள். "நான் மீனு இல்லப்பா. இதுங்களப் பாத்து என்னைய நெனச்சது ஊரு இல்ல, சொந்தக்காரங்க இல்ல. நீதான்."