அடைத்ததைத் திறந்த நிஸ்தார் நானா

நிஸ்தார் நானா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது கற்பிட்டியில் கருவாட்டு மூட்டைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். போனில் அவருடைய மகள் பர்ஹானா. “வாப்பா சுபஹ் தொழுதிட்டு கராஜைத் திறக்கப் போனவர். வாசல்லயே விழுந்திட்டார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். உங்களுக்குச் சொல்லாம இருக்க ஏலாதுதானே” என்றாள். பாதி மூட்டைகள் இன்னும் தரையில் கிடந்தன. அவற்றை ஏற்றவும் மனமில்லை, ஏற்றியதை இறக்கவும் மனமில்லை. கிடந்தது கிடக்கட்டும் என்று பாலாவிக்கு வண்டியைத் திருப்பினேன். வழியில் காரணமே இல்லாமல் இரண்டு முறை நிறுத்தி இறங்கினேன். லொறியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு மறுபடி ஏறினேன்.

பாலாவியிலும் புத்தளத்திலும் அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஒரேயொரு விஷயம் மட்டும் உங்களில் எவருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை உட்கார்ந்த நிலையில் பார்த்தவர்கள் குறைவு. கராஜில் இரண்டு கதிரைகள் இருந்தன, இரண்டும் வருகிறவர்களுக்கு. அவர் தேத்தண்ணியை நடந்துகொண்டே குடிப்பார். ஒரு லொறியின் கீழே படுத்து வேலை செய்யும்போதே அடுத்த லொறியின் சத்தத்தைக் கேட்டு, “அதுக்கு மூணாவது பிளக் சரியில்ல” என்று கீழேயிருந்து குரல் கொடுப்பார்.

என்னுடையது பழைய ஜப்பான் பெற்றோல் லொறி. யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, வன்னியிலிருந்து வந்து பாலாவியில் குடியேறியிருந்த நான் அதை வாங்கினேன். பொனட்டைத் திறந்தால் பென்சில் தடிப்பில் கறுப்பு இறப்பர் குழாய்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடும். இயந்திரம் காற்றை உள்ளே இழுக்கிறது அல்லவா, அந்த இழுவையைப் பிரித்துக் கொண்டுபோய்ப் புகையைக் குறைக்கும் உறுப்புகளை இயக்குபவை அவை. வெக்கியூம் குழாய் என்பார்கள். பிரேக்கை இலகுவாக்குவதும் அதே இழுவைதான். என் லொறியில் அந்தக் குழாய்கள் காய்ந்து வெடித்திருந்தன. சந்திக்குச் சந்தி வண்டி நின்றுவிடும்.

தலவில தேவாலயப் பெருநாளுக்கு நான்கு நாட்கள் இருந்தன. சிலாபத்திலிருந்து வரும் குடும்பங்களுக்குக் கூடாரச் சாமான்கள் ஏற்றித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். நானா குழாய்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “ரெண்டு கிழம தாங்க. எல்லாத்தையும் தேடிப் போடுவம்” என்றார்.

“ரெண்டு கிழமைக்கு நான் எங்க போறது நானா? எல்லாரும் செய்யிற மாதிரிக் கழட்டி எறிஞ்சிட்டு அடைச்சுவிடுங்கோ. ஓடினாக் காணும்.”

அவர் இன்னொரு முறை தடவிப் பார்த்தார். பிறகு குழாய்களை வெட்டினார். மிஞ்சிய துண்டுகளின் வாயில் இரும்புக் குண்டுகளைத் திணித்து, கம்பியால் கட்டினார். பின்னேரத்துக்குள் லொறி தையல் இயந்திரம் போல ஓடியது. நான் சந்தோஷமாகப் போனேன்.

அப்படியே மாதக்கணக்கில் ஓடினேன். ஒரு நாள் மத்தியானம் கற்பிட்டிப் பக்கமிருந்து பாலாவிச் சந்திக்கு வந்துகொண்டிருந்தபோது பொனட்டுக்குள் ‘டப்’ என்றொரு சத்தம். இயந்திரம் உறுமியது. பிரேக்கை மிதித்தேன், கல்லை மிதித்தது போலிருந்தது. இரண்டு கால்களாலும் ஏறி மிதித்தும் வண்டி போதிய அளவு வேகம் குறையவில்லை. உப்பளத்தில் வேலை முடிந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த செல்வி அக்காவை இடித்துவிட்டுத்தான் அது நின்றது. அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது.

ஆட்கள் கூடினார்கள். செல்வி அக்காவைத் திரீவீலரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். “குடிச்சிட்டு ஓடுறான்” என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். பொலிஸ்காரரும் வந்துவிட்டார். அப்போதுதான் சந்திக்குப் பக்கத்திலிருந்த கராஜிலிருந்து நானா ஓடிவந்தார். நேராகப் பொனட்டைத் திறந்தார். பிரேக்குக்குப் போகும் தடித்த குழாயிலிருந்து பிரியும் ஒரு சிறு கிளையில் அவர் அடைத்த இறப்பர் சூட்டில் வெடித்து, குண்டு தெறித்திருந்தது. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“அவர விடுங்க. இது என்ட பிழை. இத அடைச்சது நான். என்ட பேர எழுதுங்க சேர்” என்றார்.

என் சட்டையிலிருந்து கை விலகியது. அடைக்கச் சொன்னது நான் என்று அந்த இடத்தில் நான் சொல்லவில்லை. இரண்டு பேரிடமும் வாக்குமூலம் எடுத்தார்கள். என்னுடையதில் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்பது மட்டும்தான் இருந்தது. வந்து குடியேறியவன், அனுமதிப்பத்திரம் போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் உண்மையில் எனக்குப் பயம் மட்டும்தான் இருந்தது.

அடுத்த நாளே அவர் என் லொறியைக் கராஜுக்குள் இழுத்துப்போட்டார். வேறு வேலை எடுக்கவில்லை. பழைய வண்டி உடைக்கும் இடங்களைத் தேடிப் புத்தளம், சிலாபம் என்று அலைந்தார். வெட்டி எறிந்த ஒவ்வொரு குழாய்க்கும் மாற்று, ஒவ்வொரு வால்வுக்கும் மாற்று, பெற்றோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பேணிக்கும் மாற்று. எந்தக் குழாய் எங்கே போகிறது என்று மறக்காமலிருக்க வெவ்வேறு நிற நூல் கட்டினார். பூட்டுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் வாய் வைத்து ஊதிப் பார்த்தார். சூடேறினால் மட்டும் திறக்கும் ஒரு சிறிய வால்வு இருந்தது. அதை வீட்டுக் கேத்தலில் போட்டுக் கொதிக்கவைத்து ஊதினார்.

“இந்தக் கேத்தலில இனித் தேத்தண்ணி வைக்க ஏலா” என்று அவர் மனைவி கத்தினார்.

“வேற கேத்தல் வாங்குவம். இது திறக்குது பாருங்க, திறக்குது” என்று நானா அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

அந்த நாட்களில் ஒரு முறை, அவர் தனியாக இருந்தபோது, நான் கேட்டேன்: “நானா, அடைக்கச் சொன்னது நான்தானே?”

கையிலிருந்த குழாயைக் கீழே வைக்காமலே சொன்னார்: “நீங்க கேட்டீங்க. கேக்கிறது வண்டிக்காரன்ட வேல. ஏலாது எண்டு சொல்றது என்ட வேல. நான் என்ட வேலயச் செய்யல்ல.”

அந்த வார்த்தைக்குள் நான் வசதியாகப் புகுந்துகொண்டேன்.

புகைப் பரிசோதனைக்கு லொறியை நாங்கள் இருவருமாகக் கொண்டுபோனோம். முதல் தடவையிலேயே தேறியது. சோதித்த பொடியன் ஆச்சரியப்பட்டு, “இவ்வளவு பழைய வண்டியில எல்லாப் பைப்பும் இருக்கே, ஆர் செஞ்சது?” என்று கேட்டான். நானா வெளியே போய்விட்டார். நான் அவரைத் தேடிப் போனபோது வீதியோரம் நின்று விரல்களை மடித்து மடித்து நீட்டிக்கொண்டிருந்தார். அவர் அப்படிக் குழாய் அடைத்துக் கொடுத்த மற்ற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அவரைக் கராஜில் காண முடியாது. பஸ் ஏறி ஒவ்வொரு வண்டிக்காரராகத் தேடிப் போனார். “நான் அடைச்சத நான் திறக்கோணும்” என்பார். சிலர் சிரித்தார்கள். ஒருவர் கடலுக்கு அப்பால் உச்சமுனைத் தீவில் இருந்தார். அவருடைய வான் இக்கரையில்தான் நின்றது; ஆளைப் பிடிக்க நானா படகில் போய், போகும் வழியெல்லாம் வாந்தி எடுத்தார். சிலாபத்தில் ஒருவர், “ஓடுற வண்டியில எதுக்குக் கை வைக்கிறீங்க?” என்று திருப்பி அனுப்பினார். நானா லொறிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். “பொனட்டத் திறங்க. இல்லாட்டி என்னத் தாண்டித்தான் போகோணும்.” அந்த மனிதர் வெயிலில் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் திறந்துவிட்டார்.

செல்வி அக்காவின் கால் பொருந்தினாலும் நடையில் ஒரு சாய்வு நிலைத்துவிட்டது. கட்டு அவிழ்க்கும் வரை கிளினிக்குக்குக் கூட்டிப்போனது நானாதான். நான் ஒரு தடவை பழங்கள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த வீதியால் போவதையே தவிர்த்தேன்.

நானா அடக்கமான அன்று, மையவாடியிலிருந்து திரும்பி அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் போட்டிருந்த கதிரை ஒன்றில் செல்வி அக்கா இருந்தார். கால் நீட்டியபடி, கையில் பிளேன்டீ. என்னால் நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து சொன்னேன்.

“அக்கா, அண்டைக்கு அந்தக் குழாயை அடைக்கச் சொன்னது நான். நானா ரெண்டு கிழமை கேட்டவர். நான்தான் அவசரப்படுத்தினனான்.”

அவர் கோப்பையை மடியில் வைத்தார்.

“இத எனக்கு ஏன் இப்ப சொல்றீர்? அண்டைக்குச் சந்தியில அத்தின பேர் நிண்டவை. அந்த மனுசன் தனிய நிண்டார். அண்டைக்கல்லோ சொல்லியிருக்கோணும்.”

“ஓம் அக்கா.”

“இனிச் சொல்லி என்ன, சொல்லாட்டி என்ன” என்றார். பிறகு, கோப்பை காலியான பின், “பஸ்ஸுக்கு நடக்க ஏலாது. வீட்டில இறக்கிவிடும்” என்றார்.

நான் கைகொடுத்து ஏற்றினேன். என் பக்கத்து இருக்கையில் இருந்தார். வழி முழுக்க வீதியைப் பார்க்கவில்லை. என் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். சந்தி வந்தது. மெதுவாக மிதித்தேன். லொறி, சொன்ன சொல் கேட்டது போல, கோட்டுக்கு முன்னால் நின்றது. எங்களுக்கு முன்னால் சீமெந்து லொறி ஒன்று கடந்து போனது. செல்வி அக்கா பிடித்திருந்த கைப்பிடியை விட்டார்.

செல்வி அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, உங்களுக்கும் தெரியட்டும். சந்தியில் நின்ற அத்தனை பேரில் இன்று இருக்கிறவர்கள் இதை வாசித்தால், அந்தப் பிழையில் பாதியை நிஸ்தார் நானாவின் பெயரிலிருந்து எடுத்து, அருள்தாஸ் என்ற என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவருடைய அந்த இருப்புக்கொள்ளாமை. அவர் அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். நான் காலம் கடந்து இப்போதுதான் எழுந்து நிற்கிறேன்.