கடலில் களை பறித்த அமாவாசை

தை அமாவாசைக்கு எங்கள் உழவாரக் கூட்டம் கீரமங்கலத்திலிருந்து வேன் பிடித்து மணமேல்குடிப் பக்கம் கடலுக்குப் போயிருந்தது. மாதம் ஒரு கோயிலுக்குப் போய்ப் பிரகாரத்தில் புல் செதுக்கி, குளத்தில் பாசி வாருகிறவர்கள் நாங்கள். என் வீட்டுக்காரர் கரையில் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். பெண்கள் ஐந்து பேரும் முழுக்குப் போட இறங்கினோம். அங்கே கடல் அலையில்லாமல் கண்மாய் மாதிரிக் கிடக்கும். வெகுதூரம் நடந்தாலும் முழங்கால் தண்ணீர்தான்.

காலடியில் வழவழவென்று எதுவோ உரசியது. குனிந்து பார்த்தால் புல். நாற்றங்கால் மாதிரி அவ்வளவு அடர்த்தி. தீர்த்தமாட வருகிற சனங்களுக்குக் காலில் சிக்குமே என்று தோன்றியது. அப்படித் தோன்றிவிட்டால் எங்களுக்குக் கை சும்மா இருக்காது. "சிவாயநம" என்று பறிக்க ஆரம்பித்தோம். அரை மணி நேரத்தில் நாலு பாய் விரிக்கிற இடம் வெறும் சேறாகிவிட்டது. தண்ணீர் கலங்கி, கால் தெரியவில்லை.

கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண், வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"ஏங்க ஆத்தா, என்ன வேலை பாத்துட்டீங்க? யாரு சொன்னா ஒங்கள?"

"களை எடுக்குறோம் தாயி. புண்ணியந்தானே" என்றேன்.

"களையா? ஒங்க நாத்தங்கால்ல நான் எறங்கி அம்புட்டையும் புடுங்கிப் போட்டுட்டுப் புண்ணியம்னு சொன்னா விடுவீங்களா?"

எங்களில் ஒருத்திக்கு வாய் நிற்காது. "நாத்துன்னா நெல்லு வெளையும். இதுல என்ன வெளையுமாம்?"

"நண்டு வெளையும்! குஞ்சு நண்டு, எறா எல்லாம் இதுக்குள்ளதான் ஒளிஞ்சு வளருது. எங்ககிட்ட எஞ்சின் படகு இல்ல. எங்க வீட்டுக்காரரு இந்தப் புல்லு ஓரமாத்தான் வலை கட்டுறாரு. இது போச்சுன்னா நாங்க எங்கிட்டுப் போறது?" சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாமி பேரைச் சொல்லிக்கொண்டு ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறோம்.

பறித்துப் போட்டதில் ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன். அருகம்புல் மாதிரியே தண்டு மண்ணுக்குள் படுத்து ஓடுகிறது, கணுவுக்குக் கணு வேர். ஒன்றுக்கு இலை நாடா போல நீளம். இன்னொன்றுக்கு நகம் அளவில் உருண்டை இலை. எல்லாம் ஒரே களை என்றல்லவா நினைத்தேன்!

"இது பூக்குமா தாயி?" மல்லிகைக் கொல்லை வைத்திருப்பவளுக்கு அதைத்தான் கேட்கத் தோன்றியது.

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. "புடுங்கிட்டுக் கேளுங்க! பூக்குமாம். இந்தப் புல்லை அளக்க வந்த வனத்துறை ஆபீஸ்காரங்க சொன்னாங்க. தேனீ செய்யிற வேலையத் தண்ணியே செய்யுமாம். கடல்பசு இதத்தான் மேயுமாம். நான் அத ஒருக்கத்தான் பாத்திருக்கேன், முதுகு மட்டும்."

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரித்தாலே மல்லிகை கருகிவிடும். கடலுக்குள்ளேயே இருந்துகொண்டு பூக்கிற செடியை எந்த நேரத்தில் சாமி நினைத்துப் படைத்தாரோ! எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இது தெரியாமல் இருந்ததில் ஆச்சரியமில்லை. தெரியாமலே கை வைத்ததுதான் பிழை.

பறித்ததையெல்லாம் நடவு நடுவதுபோல் சேற்றில் ஊன்றிவிட்டு, அவளுடைய நம்பரை வாங்கிக்கொண்டு வந்தேன். நாலாம் நாள் போன் செய்தாள்.

"நீங்க நட்டதெல்லாம் மெதந்து கரைக்கு வந்துருச்சு. ஆபீஸ்காரங்க திரும்ப வந்திருக்காங்க. மூங்கில் சட்டத்துல தேங்காநார்க் கயிறு கட்டி, அதுல புல்லை முடிஞ்சு எறக்கணுமாம்."

"கயிறு நான் கொண்டு வாரேன்" என்றேன். தென்னைக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? மறுநாளே பஸ் ஏறினேன். கரை ஒதுங்கிய புல்லில் உயிர் இருந்ததைப் பொறுக்கி, அவளும் நானும் பூத்தொடுக்கிற மாதிரி கணு கணுவாகக் கட்டினோம். ஆபீஸ்காரர்கள் நாலு சட்டம் இறக்கினார்கள்.

அதன்பிறகு விளக்கேற்றும்போதெல்லாம் எனக்கு அந்தப் புல் ஞாபகம்தான். எங்கள் வேண்டுதலில் அதுவும் சேர்ந்துவிட்டது.

ஆடி அமாவாசைக்குப் போனபோது அவளே தண்ணீருக்குள் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு சட்டம் மொட்டையாகக் கிடந்தது. மற்ற மூன்றிலும் கயிறு இற்றுப்போயிருந்தது. ஆனால் புல் மண்ணைப் பிடித்துவிட்டது. தண்டு மூங்கிலைத் தாண்டிச் சேற்றுக்குள் ஓடியிருந்தது.

"வலை கட்ட முடியுதா?"

"இந்தப் பக்கம் இன்னும் இல்ல. அங்கிட்டுத் தள்ளித்தான் கட்டுறாரு, பாதிதான் கெடைக்குது. ஆனா இங்க பாருங்க."

இலைகளுக்கு நடுவே புளியங்கொட்டை அளவில் ஒரு நண்டு பக்கவாட்டில் ஓடி மறைந்தது. எங்கே போனதென்று பார்க்க, என்னையறியாமல் இலையை விலக்கக் குனிந்தேன்.

"தொடாதீங்க ஆத்தா! கையப் பின்னால கட்டிக்கிட்டுப் பாருங்க."

கட்டிக்கொண்டேன்.