தேநீர் குடித்துவிட்டுப் பேர் எழுதியவர்

நார்மன் சக்டன் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் வைக்கிற அழகைப் பார்க்கவே நான் செவ்வாய்க்கிழமை காலையில் ஜன்னல் ஓரம் நிற்பேன். குப்பை போடுவதற்கும் கழுத்தில் டை கட்டியிருப்பார். தொட்டியின் கைப்பிடி எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று கவுன்சில் எப்போதோ சொன்னதாம். நாங்கள் எல்லோரும் அதை மறந்து வெகுகாலமாகிறது. அவர் மறக்கவில்லை. தன் தொட்டியைச் சரியாக வைத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, என் தொட்டியையும் திருப்பி வைப்பார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வரும், ஒரு பக்கம் பற்றிக்கொண்டு வரும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த உத்தியோகமும் அப்படித்தான். டெலிவிஷன் லைசென்ஸ் இன்ஸ்பெக்டர். இங்கிலாந்தில் டிவி பார்க்க வீட்டுக்கு வீடு வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். கூரையில் ஆன்டெனா வைத்த வேனை ஓட்டிக்கொண்டு பேட்லி ஊரின் தெருத்தெருவாகப் போய், லைசென்ஸ் இல்லாமல் டிவி பார்க்கிறவர்களைப் பிடித்துப் பேர் எழுதுகிற வேலை. அந்த வேனுக்குள் நிஜமாகவே கருவி இருந்ததா, இல்லை காலி டப்பாவா என்று இந்த ஊரில் இன்றைக்கும் பந்தயம் கட்டுகிறார்கள். நான் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். "அது ஆபீஸ் ரகசியம் தேனு" என்பார். ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆகியும் அதே பதில்தான். தேன்மொழி என்ற என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மனைவி மார்ஜரி போன பிறகு தனி ஆள். பிள்ளை குட்டி கிடையாது. பின்கட்டில் ருபார்ப் போட்டிருந்தார். வசந்தத்தில் அந்தப் புளிப்புத் தண்டுகளைக் கட்டுக்கட்டாக அறுத்துத் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போய்விடுவார். எதிர் வீட்டு வாசலிலும் வைப்பார். எதிர் வீட்டு பெரில் ஆக்ராய்ட் கதவைத் திறந்து, அந்தக் கட்டை இரண்டு விரலால் தூக்கி, அவர் கண்ணெதிரிலேயே குப்பையில் போட்டுவிட்டு உள்ளே போவார். ஒவ்வொரு வருஷமும் இது நடக்கும்.

பெரில் அவரோடு பேசி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. காரணம் தெரு முழுக்கத் தெரியும். பெரிலின் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை போயிருந்த சமயம். கையில் குழந்தை. மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் யாரோ கதவைத் தட்ட, நனைந்து நின்ற ஆளைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, யார் என்றுகூடக் கேட்காமல் உள்ளே கூப்பிட்டு, கணப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, தேநீர் கொடுத்திருக்கிறார் பெரில். பிஸ்கட்டும் கொடுத்தாராம். அந்த ஆள் தேநீரை நிதானமாகக் குடித்து முடித்து, நன்றி சொல்லி, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மூலையில் ஓடிக்கொண்டிருந்த டிவியைப் பார்த்து, பேனாவை எடுத்திருக்கிறார். பெரிலைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளூர்ப் பேப்பரில் பேர் வந்தது. பிற்பாடு கல்யாணமாகி நார்மன் வீடு வாங்கியது, என்ன கெட்ட நேரமோ, அதே தெருவில், நேர் எதிரே.

"அபராதம் போட்டத மன்னிச்சிருவேன் கண்ணு. அது அவன் பொழப்பு" என்று பெரில் என்னிடம் சொல்வார். "என் கையால டீ வாங்கிக் குடிச்சான் பாரு. குடிச்சிட்டு எழுதினான். அதுக்கு மன்னிப்பே கெடையாது."

அபராதம் பெரிய விஷயமில்லை, டீதான் பெரிய விஷயம் என்பது வந்த புதிதில் எனக்குப் புரியவில்லை. யார்க்‌ஷயரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய பிறகு புரிகிறது. இங்கே ஒரு கோப்பை தேநீருக்கு அவ்வளவு மரியாதை.

நடுவில் மாட்டிக்கொண்டவள் நான். நார்மன் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. மூன்று பேரும் தெருவில் நின்றுகொண்டிருப்போம். பெரில் என் முகத்தைப் பார்த்துச் சொல்வார்:

"தேனு, அந்த ஆளு வீட்டுக் கூரைத் தகரத்துல தண்ணி ஒழுகுதுன்னு சொல்லு."

நார்மன் இரண்டடி தள்ளி நிற்பார். "ரொம்ப நன்றின்னு சொல்லு தேனு" என்பார்.

"நன்றி யாருக்கு வேணுமாம்? செவுரு நனைஞ்சா தெருவுக்குத்தான அசிங்கம்!"

நான் தந்திக் கம்பி மாதிரி நடுவில் நிற்பேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அத்தனை வருஷம் வேலை பார்த்தும் இவ்வளவு களைத்ததில்லை.

ஒரு நாள் தோட்டத்து வேலிக்கு மேலாக நார்மன் என்னிடம் சொன்னார்: "தேனு, எனக்கு எண்பத்திரண்டு ஆவுது. அந்தம்மாவுக்கும் அதே வயசுதான். ரெண்டு பேர்ல ஒருத்தர் போறதுக்குள்ள அவங்க என்கிட்ட ஒரு வார்த்தை நல்லதா பேசிட்டா போதும். வேற ஆசை ஒண்ணும் இல்ல." சொல்லிவிட்டு உடனே ருபார்ப் இலையில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த நிலையில்தான் எழுபத்தைந்து தாண்டியவர்களுக்கு இலவசமாகக் கிடைத்துவந்த லைசென்ஸை நிறுத்தினார்கள். ரொம்பவும் இல்லாதவர்களுக்கு மட்டும் இனிமேல் இலவசம், மற்றவர்கள் கட்ட வேண்டும் என்றார்கள். பெரிலின் வீட்டுக்காரர் விட்டுப்போன பென்ஷன், இல்லாதவர்களுக்கென்று அவர்கள் போட்ட கோட்டுக்குக் கொஞ்சூண்டு மேலே நின்றது.

பெரில் நடுத்தெருவில் நின்று அறிவித்தார். "ஒரு பைசா கட்ட மாட்டேன். குடுத்தத புடுங்கறதுக்குப் பேரு என்ன? என் வீட்ல பேசற ஒரே ஆளு அந்தப் பொட்டிதான். அதுக்கும் காசு கேக்கறானுங்களா? டிவியும் பாப்பேன், கட்டவும் மாட்டேன். புடிச்சி உள்ள போடட்டும்!"

நார்மன் மறுநாளே வரிசையில் நின்று தன் பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். "உன் பொண்ணு ரெண்டு பிள்ளைங்கள வச்சிக்கிட்டு கட்டறா. நான் வெயில் காஞ்சிக்கிட்டு சும்மா பாக்கறதா? எனக்கு அது சரியா படல தேனு."

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகப் பட்டது. அதுதான் எனக்கு எரிச்சல். யோசித்துப் பார்த்து பெரில் பக்கம் சாய்ந்தேன். கொடுக்காமலே இருந்திருக்கலாம், பழக்கிவிட்டு, தள்ளாத வயதில் கையிலிருந்து பிடுங்குவது என்ன நியாயம்?

ஆனால் நார்மனுக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தம்மாவின் பேர் இன்னொரு தடவை எழுதப்படும், முதல் தடவை எழுதியதும் தன் கைதான் என்ற நினைப்பு அவரை அரித்தது. கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? பெரிலின் பேரில் பெரிலின் வீட்டுக்கு லைசென்ஸ் பணத்தைத் தானே கட்டிவிட்டார். யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைப்பு. பணம் கட்டினால் கட்டிய வீட்டுக்கு நன்றிக் கடிதம் வரும் என்பது அத்தனை வருஷம் அந்த வேலையில் இருந்தவருக்குத் தோன்றவே இல்லை.

கடிதம் வந்தது. பெரில் வெளிச் சப்பாத்து மாட்டாமல் வீட்டுச் செருப்போடு தெருவைத் தாண்டி வந்தார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நார்மன் வீட்டுக் கதவில் கைத்தடியால் நாலு போடு போட்டார். கதவு திறந்தது.

"யோவ்! என் போராட்டத்துக்கு மண்ண அள்ளிப் போட நீ யாருய்யா? ஊர்ல இருக்கற கெழவிங்க எல்லாம் கட்டமாட்டேன்னு நிக்கறோம். நான் மட்டும் நைஸா கட்டிட்டேன்னு ஆயிருச்சே! அன்னிக்கி எழுதிக் கெடுத்த, இன்னிக்கி கட்டிக் கெடுக்கறியா?"

நார்மனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திட்டு வாங்குகிற மனிதரின் முகமாக அது இல்லை. பெரில் நேராகத் தன்னைப் பார்த்துப் பேசிவிட்டார் என்ற சந்தோஷம் கண்ணில் தெரிந்தது. "மன்னிச்சிருங்க" என்றார். "நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

"மொதல்ல அத ரத்து பண்ணு. அப்பறம், நெசமாவே ஒனக்கு மனசு உறுத்துதுன்னா, உன்னோடதயும் ரத்து பண்ணிட்டு எங்ககூட நில்லு. முடியுமா ஒன்னால? முடியாதுல்ல? அதான பாத்தேன்!"

சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர், மறுபடியும் பழையபடி என்னைப் பார்த்து, "அந்த ஆளுகிட்ட கதவ சாத்தச் சொல்லு, வீட்டுச் சூடெல்லாம் வெளிய போவுது" என்றார்.

பெரிலின் லைசென்ஸை அவர் அன்றைக்கே ரத்து செய்தார். தன்னுடையதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அந்த ஒரு வாரத்தில் மனிதர் பாதியாகிப் போனார். வாழ்நாளில் ஒரு நாள்கூட லைசென்ஸ் இல்லாமல் இருந்ததில்லை. டிவி இல்லாத தேனிலவு விடுதிக்குப் போனபோதுகூட வீட்டு லைசென்ஸைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனாராம். மார்ஜரி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் ரத்து செய்தார். செய்த கையோடு டிவியின் பிளக்கைப் பிடுங்கி, திரையில் போர்வையைப் போர்த்திவிட்டார்.

"பெரில் பாக்கறாங்கல்ல, நீங்களும் பாருங்களேன்" என்றேன்.

"லைசென்ஸ் இல்லாம எப்படிம்மா பாக்கறது?" என்றார், நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல.

போராட்டத்தில் சேர்ந்த கிழவர்களில் டிவியை அணைத்துவிட்டுப் போராடியவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் போனது. பெரிலும் கவனித்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து, "இன்னிக்கி நம்ம ஊரு ரக்பி மேட்ச் காட்டறான். அந்த ஆளு இருட்டுல உக்காந்து செத்து கித்துப் போனா எனக்குப் பாவம் வந்து சேரும். வேணும்னா வந்து ஒரு மூலையில உக்காரச் சொல்லு. நீயும் வா, தனியா வந்தா நல்லா இருக்காது" என்றார்.

நார்மன் சவரம் செய்து, கோட்டு போட்டு வந்தார். சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார். தெருவில் எந்த வேன் போனாலும் கழுத்தை நீட்டி ஜன்னலைப் பார்த்தார். பெரில் என்னிடம், "பொட்டி இந்தப் பக்கம் இருக்குன்னு அவருகிட்ட சொல்லு" என்றார். முதல் பாதி முடிந்தது. நம் ஊர் அணி தோற்றுக்கொண்டிருந்தது. அப்போது கதவு தட்டப்பட்டது.

பழக்க தோஷம், நார்மன்தான் முதலில் எழுந்தார். வாசலில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் சின்னக் கருவி. லைசென்ஸ் ஆபீஸிலிருந்து வருவதாகச் சொன்னாள். உள்ளே விட வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. கதவைச் சாத்திவிட்டால் அவள் போயாக வேண்டும். அது அந்தத் தெருவில் யாரைவிடவும் நார்மனுக்குத் தெரியும். அவர் சாத்தவில்லை.

"டிவி ஓடுது. லைசென்ஸ் இல்ல. எழுதிக்குங்க" என்றார். "நார்மன் சக்டன்."

"இது உங்க வீடா சார்?"

பொய் சொல்லத் தெரியாத வாய். "இல்ல. எதிர் வீடு. அங்கயும் லைசென்ஸ் இல்ல. என் பேரையே எழுதிக்குங்க. இந்தம்மா பேரு வேண்டாம். தயவு பண்ணி வேண்டாம்."

அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தாள். அவள் பார்த்த வாசல்களில் இப்படிக் கெஞ்சி மாட்டிக்கொண்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். உள்ளே பெரில் கைத்தடியை ஊன்றி எழுந்தார். மெதுவாக வந்தார். நார்மனை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, வாசலில் நேராக நின்றார்.

"அவரு பேர எழுதாத கண்ணு. என் வீட்டுக்கு வந்த விருந்தாளி அவரு. வீடு என்னுது, பொட்டி என்னுது. பெரில் ஆக்ராய்ட். நல்லா பெருசா எழுது."

அந்தப் பெண் எழுதினாள். நான் அழுதுவிட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை. நார்மன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரில் கதவைச் சாத்தினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"வாங்க நார்மன்" என்றார். "ரெண்டாவது பாதி ஆரம்பிச்சிருப்பான்."