இரண்டாவது ஊசி

கஜலட்சுமியோடு எட்டு வருஷம் ஒரே அம்புலன்ஸில் ஓடினேன். முன்னால் ஸ்டியரிங்கில் நான், பின்னால் நோயாளியோடு அவள். நடுவில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சன்னல். அதன் வழியாக அவள் என்னை வைததையெல்லாம் எழுதினால் ஒரு கொப்பி போதாது. சக்கரம் பள்ளத்தில் விழுந்துவிட்டால் போதும், "அண்ணே, ஏத்தியிருக்கிறது மனுசன, உருளக்கெழங்கு மூட்ட இல்ல!" என்பாள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கட்டிய மனைவிகூட இவ்வளவு வைததில்லை.

ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இரண்டு வருஷம் கொழுந்து பறித்தாள். பிறகு பேப்பரில் விளம்பரம் பார்த்து, பயிற்சி எடுத்து, நோயாளியைப் பார்க்கும் வேலைக்கு எங்கள் வண்டியில் ஏறினாள். கண்டியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தாயையும் கூட்டி வந்து வைத்துக்கொண்டாள். இறங்கி வந்தவள் நல்ல நாள் பெருநாளுக்குக்கூட மேலே போக மாட்டாள். ஏன் என்று கேட்டால், "அங்க என்ன இருக்கு?" என்று பேச்சை மாற்றிவிடுவாள். லயத்துப் பிள்ளை என்று நாலு பேருக்குத் தெரிய வெட்கப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

கொஞ்ச காலமாக எங்கள் வண்டிகளில் டொக்டர்மாரையும் ஏற்றி அனுப்புகிறார்கள். அவசர சிகிச்சையில் நிபுணராகப் படிப்பவர்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வருமுன் நோயாளி என்ன பாடு படுகிறார் என்று எங்களோடு ஒரு நாள் ஓடிப் பார்க்க வேண்டுமாம். வண்டியில் பொறுப்பு எங்களுக்குத்தான், அவர்கள் கூடமாட உதவலாம். அன்று யார் யாருக்கு என்ன செய்தோம் என்று அவர்கள் ஒரு படிவம் நிரப்ப, எங்கள் இருவரில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாள் அவர்கள் பயிற்சிக் கணக்கில் சேராது. ஒரு பிரதி எங்கள் ஆபீசுக்கும் போகும். பெரிய படிப்புக்காரருக்கு இந்த ராஜலிங்கம் கையெழுத்துப் போடுவதா என்று எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

போன மார்ச்சில் வந்தவர் டொக்டர் ஹில்மி, அலவத்துகொடக்காரர். பின்பக்கம் பார்த்த இருக்கையில் உட்கார்ந்து வளைவுகளில் ஏறியதில் முகம் வெளிறிப்போனது. கஜலட்சுமி ஒரு பையை நீட்டி, "வெக்கப்படாதீங்க டொக்டர். போன மாசம் வந்தவரு ரெண்டு பை கேட்டாரு" என்றாள்.

அழைப்பு கஜலட்சுமி பிறந்த தோட்டத்திலிருந்து வந்திருந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவி துரத்தியிருக்கிறது. பாலம்மா என்ற ஒருத்திக்குக் கடுமை. ரோட்டுக்குத் தூக்கி வந்திருந்தார்கள். முகம் வீங்கிக் கண் மூடிப்போயிருந்தது, மூச்சு விசில் அடித்தது. உதறிய உதறலில் உடுப்பெல்லாம் கிழிந்துவிட்டதால் மற்றப் பெண்கள் தங்கள் படங்குகளை அவிழ்த்து அவளைச் சுற்றியிருந்தார்கள். தேயிலைச் செடி கிழிக்காமல் இடுப்பில் கட்டுகிற தடித்த சீலை அது.

"அதக் கழட்டிட்டு ஏத்துவம்" என்றார் டொக்டர். சட்டமும் அதுதான். குளவி கொட்டியவரின் மேல்துணியை வெளியிலேயே எடுத்து உதற வேண்டும்.

கஜலட்சுமி சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்தாள். "இத்தன பேருக்கு முன்னாலயா? உள்ள போய்க் கழட்டிக்குவோம் டொக்டர்."

நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினோம்.

பாலம்மாவின் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டு, மூச்சுக்கு ஒக்சிஜன் வைத்தார்கள். பிறகு படங்கைப் பிரித்தார்கள். மடிப்புக்குள்ளிருந்து குளவி கிளம்பியது.

டொக்டர் கத்தினார். பின்னால் திறக்கிற சன்னல் கிடையாது. நிறுத்திக் கதவைத் திறக்கலாம் என்றால் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், பின்னால் பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு ஒட்டி வந்தது. பிரேக்கில் கால் வைத்தேன்.

"நிப்பாட்டாதீங்க அண்ணே! இவங்களுக்கு நேரம் இல்ல!" என்றாள் கஜலட்சுமி. எழுதும் அட்டையால் எதையோ ஓங்கி அடிக்கும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. "செத்துருச்சு" என்றாள். நான் மூச்சு விட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு பள்ளத்தில் சக்கரம் விழுந்தது. ஒரு வசவும் வரவில்லை. அப்போதுதான் பயந்தேன்.

கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தேன். கழுத்தைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு தடித்துவிட்டது. மற்றக் கை அப்போதும் பாலம்மாவின் முகமூடியை விடவில்லை. ஹில்மி முழங்காலில் நின்று, அவள் காற்சட்டைக்கு மேலாகவே தொடையில் ஊசியைக் குத்தினார்.

"ராஜலிங்கம் அண்ணன், ஓட்டுங்க. ரெண்டு பேஷண்ட் வருது எண்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க."

"ஒண்ணு..." என்றாள் அவள், குரலே இல்லாமல். "ஒண்ணுன்னு சொல்லுங்கண்ணே."

ஆஸ்பத்திரியில் பாலம்மாவை ஒப்படைத்த பிறகு, பின்மதியம் வரை கஜலட்சுமியைத் தன் கண் முன்னாலேயே படுக்க வைத்திருந்தார் டொக்டர். அங்கேதான் வாயைத் திறந்தாள். கொழுந்து பறித்த காலத்தில் ஒரு தரம் கொட்டி, உயிர் போய் வந்ததாம். இன்னொரு தரம் கொட்டினால் பிழைக்க மாட்டாய் என்றார்களாம். மலையை விட்டு ஓடி வந்தது அதற்காகத்தான். வேலைப் படிவத்தில் ஒவ்வாமை உண்டா என்று கேட்ட இடத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறாள். எட்டு வருஷம் என் முதுகுக்குப் பின்னால் இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது.

ஹில்மி படிவத்தை நிரப்பினார். அட்ரினலின் போடப்பட்டவர்கள்: இரண்டு பேர்.

"ஒண்ணுன்னு எழுதுங்க டொக்டர். என்னய வேலைய விட்டுத் தூக்கிருவாங்க."

"பொய் எழுத ஏலாது மிஸ். இண்டைக்கு நான் இருந்தன். நாளைக்கு இதே மாதிரி நடந்தா உங்களுக்கு ஊசி போட ஆரு இருக்கிற? உங்கள நம்பி வந்த பேஷண்ட ஆரு பாக்கிற?"

அவள் கையெழுத்துப் போடவில்லை. அவர் தாளை என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, போடாதீங்க" என்றாள். எட்டு வருஷத்தில் அவள் என்னிடம் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். "இந்த வண்டிய விட்டா எனக்கு ஒண்ணும் இல்ல. அம்மாவ எங்க கொண்டு போய் வைப்பேன்?"

எனக்கு அவள் வாடகையும் தெரியும், தாயின் மருந்துச் சீட்டும் தெரியும். ஆனால் தரையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கோலம் கண்ணை விட்டுப் போக மறுத்தது. அவளைப் பிணமாக ஏற்றிக்கொண்டு ஓட என்னால் ஆகாது. போட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு கிழமையில் ஆபீசிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. வைத்தியக் குழு முடிவு சொல்லும்வரை சம்பளமில்லாத லீவு. குழு இன்றுவரை கூடவில்லை. கண்டியில் துணிக்கடை, பார்மசி என்று ஏறி இறங்கினாள், தாயைப் பார்த்துக்கொண்டு போய்வரத் தோதாக ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் மாதம் அறையை விட்டுவிட்டாள். மேலே அவர்களுடைய லயத்து வீடு இன்னும் இருந்தது. வீட்டுக்கு ஒருத்தராவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தால்தான் அதில் இருக்க விடுவார்கள். பதிந்துவிட்டாள்.

ஹில்மிக்கு விஷயம் தெரிந்து, ஊசியும் மருந்தும் கொடுத்து அனுப்பினாராம். மலை நடுவில் நின்றுகொண்டு, தொண்டை அடைக்குமுன் மருந்துக் குப்பியை உடைத்து, ஊசியில் இழுத்துத் தனக்குத் தானே குத்திக்கொள்ள நேரம் இருக்குமா என்று அவரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. அவளுக்குப் பல தரம் ஃபோன் எடுத்தேன். எடுப்பதில்லை.

கஜலட்சுமி இப்போது அந்த மலையில் கொழுந்து பறிக்கிறாள். இப்போதும் ஹுன்னஸ்கிரிய பக்கமிருந்து குளவி என்று அழைப்பு வருகிறது. புதிதாக வந்த பையன் எத்தனை பேர், எந்த இடம் என்று கேட்டுக் குறிக்கிறான். நான் வண்டியை எடுக்காமல், முதலில் பேரைக் கேள் என்கிறேன்.