ரன் ஓடும்போது ‘லைன் ஸ்டாப்!’

காலையில் கம்பெனி பஸ்ஸில் தமிழில் டப் செய்த பேஸ்பால் காமெடிப் படம். எதிரணிக்காரன் "நில்லு!" என்று கத்த, ஓடுகிறவன் அப்படியே நின்று அவுட் ஆகிறான்.

"ஓடுறவன் எவன்னா நிப்பானா? காதுல பூ சுத்துறானுங்க" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சிரித்தேன்.

ஷிப்ட் முடிந்து கிரிக்கெட். இதுவரை எங்கள் செக்‌ஷனிடம் தோற்காத, தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் அணிக்கு இரண்டே ரன் தேவை, கையில் ஒரே விக்கெட். அவர்களுடைய சூப்பர்வைசர் ரவி அண்ணன் ரன்னுக்குப் பறக்கிறார்.

கம்பெனியில் ஆபத்து என்றால் மெஷினை நிறுத்தக் கத்துவதுபோல், "லைன் ஸ்டாப்!" என்று கத்தினேன்.

மெஷினிலிருந்து கையை எடுப்பதுபோல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பாதி பிட்ச்சில் நின்றுவிட்டார். ஸ்டம்ப் பறந்தது. ஜெயித்துவிட்டோம்!

"டேய், இன்னாடா இது, ஏமாத்து வேலை!"

"அண்ணே, அந்த சவுண்ட் கேட்டா நிக்கணும்னு டெய்லி சொல்றதே நீங்கதானே?"

அவுட்டா இல்லையா, கமெண்ட்டில் சொல்லுங்கள். பிரஸ் ஷாப்காரர்கள் தவிர.